முன்னறைக்குக் கோப்பிக் கலர்

என் மனைவி குவைத்திலிருந்து திரும்பி வருவதற்கு முந்தின வாரம், வீடு முழுக்க நானே நீலப் பெயின்ட் அடித்தேன். தேயிலைத் தோட்ட லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவை விட்டு இந்தத் தனி வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது அவள் அங்கே வேலையில் இருந்தாள். வீட்டை ஃபோனில் மட்டும்தான் பார்த்திருந்தாள். அவள் வந்து நுழையும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுப் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தவள் அறை அறையாகப் பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் முன்னறையில் அவள் உட்காரவே இல்லை. புதுச் சோபா செட்டி வாங்கிப் போட்டிருந்தேன்; அதில் காயப்போட்ட துணிதான் கிடந்தது. வேலை முடிந்தால் குசினியில் அடுப்போரம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். வெயில் நாட்டிலிருந்து வந்தவள், எங்கள் அக்கரப்பத்தனை மலைக் குளிர் பழகக் கொஞ்ச நாளாகும் என்று விட்டுவிட்டேன். மழைக்காலம் வந்தும் அவள் அந்தப் பலகையை விடவில்லை.

"ஏன் புள்ள, செட்டியில உக்காந்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க போனா இன்னும் குளிருதுங்க."

"ஜன்னலெல்லாம் மூடித்தானே கெடக்கு?"

தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஜன்னல் இல்லைங்க. அந்தக் கலரு."

எனக்குச் சுருக்கென்றது. கழுத்து வலிக்க வலிக்க அடித்தது நான். அன்று முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள்தான் ராத்திரிச் சாப்பாட்டில் பட்டென்று கேட்டாள்: "அப்ப ஒங்களுக்கு என்ன கலரும்மா புடிக்கும்?"

அப்போதுதான் அந்த அறையைப் பற்றிச் சொன்னாள். குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டில், மேடம் புத்தகம் படிக்க ஓர் அறை. நாலு சுவரும் கோப்பிக் கலர். கதவைச் சாத்தினால் கம்பளிக்குள் புகுந்த மாதிரி இருக்குமாம்.

"தெனமும் தூசி தட்டுவேன். அந்த நாற்காலியில ஒரு நாளாச்சும் உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிக்கணும்னு ஆச. எப்பிடி உக்கார்றது?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஞாயித்துக்கெழம பெயின்ட் வாங்கப் போவோம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பேரும் நுவரெலியாவுக்குப் போனோம். பெயின்ட் கடை நானா கலர் அட்டையை விரித்துப் போட்டார். சிவப்பேறியது, சாம்பல் கலந்தது என்று அவர் காட்டியதையெல்லாம் தள்ளிவிட்டு, நல்ல கறுத்த கோப்பி நிறத்தில் விரலை வைத்தாள் என் மனைவி.

"தங்கச்சி, சின்ன ரூம்னு சொல்றீங்க. நாலு செவருக்கும் இத அடிச்சா இருண்டு போகும். ஒரு செவருக்கு மட்டும் போடுங்களேன்" என்றார் அவர்.

"இல்ல நானா, நாலு செவரும்தான். மேல சீலிங் மட்டும் வெள்ளையா இருக்கட்டும்."

இவ்வளவு உறுதியாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

முதல் பூச்சு பார்க்கச் சகிக்கவில்லை. அடியிலிருந்த நீலம் திட்டுத் திட்டாக எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டக்கா வாசலில் நின்றபடியே, "என்ன தம்பி, செவத்துக்குச் சாணி மெழுகுறீங்களா?" என்றாள். அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு போட்டோம். திட்டுகள் மறைந்தன, ஆனால் லைட்டைப் போட்டால் அறை செத்த மாதிரி வெளிறிக் கிடந்தது. என் மனைவி நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இப்பிடி இல்லைங்க அது."

மகள் அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். "அந்த வீட்டுல லைட்டு வெள்ளையாம்மா?"

"இல்ல, மஞ்ச."

நான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு டவுனுக்கு ஓடினேன். திரும்பி வந்து மஞ்சள் பல்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். சுவரெல்லாம் அடுப்புத் தணல் பட்டது போல இளஞ்சூடாகத் தெரிந்தது. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. துணிகளை அள்ளி மகளிடம் கொடுத்துவிட்டு, என் மனைவி செட்டியில் காலை மடக்கி உட்கார்ந்தாள். தேத்தண்ணி நான் போட்டுக் கொடுத்தேன். சீனி கூடிப்போயிருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அடுத்த வாரம் அவளுடைய அண்ணனும் அண்ணியும் ஹட்டனிலிருந்து புது அறையைப் பார்க்க வந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் செட்டியிலேயே சாய்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் அவளை எழுப்பப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பறமா பாக்கலாம் மச்சான்" என்று கிசுகிசுத்து, இருவரையும் குசினிக்கு அழைத்துப் போனேன்.