கினிகத்தேனை வைத்தியரும் என் வீட்டு ரெண்டாவது தட்டும்

என் வீட்டுக்காரர் தவறி ஏழு மாசம் ஆகுது. அதிலிருந்து எனக்குச் சாப்பாடு செரிக்கிறதில்லை. நெஞ்சுக்குக் கீழே கல்லு மாதிரி நிற்கும், விடிய விடியப் புளிச்ச ஏப்பம். ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணும் இல்லாம எப்படி இப்படி நோகும்? கினிகத்தேனைப் பக்கம் ஒரு சிங்கள ஆயுர்வேத வைத்தியர் சாப்பிடுற முறையை மாத்தியே வயித்தைச் சரிப்படுத்துறார்னு தேயிலைக் கொழுந்தெடுக்கிற இடத்துல பேசிக்கிட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தேன். எங்க லயத்து வீடுகள்லயே நாலு பேர் வழி கேட்டதால எழுதுறேன்.

என்கூட மல்லிகா வந்தா. அவ என் வீட்டுக்காரரோட தங்கச்சி, பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கா. கந்தப்பளையில காலை 5.45க்கு பஸ். நுவரெலியாவுக்கு 75 ரூபா. அங்கிருந்து 6.45க்கு ஹட்டன் பஸ், 230 ரூபா, சரியா ரெண்டு மணி நேரம். வளைவு நிறைய, வாந்தி வர்றவங்க முன் சீட்டைப் பிடிங்க.

ஹட்டன்ல இறங்கினதும் நான் ரெண்டு வடை வாங்கினேன். பசிச்சு வாங்கல, கை பாட்டுக்கு வாங்கிருச்சு.

"என்ன அண்ணி, வயித்தைக் காட்டப் போறதுக்கு முன்னாடி அதுக்கு வேலை குடுக்கிறீங்களா?"ன்னு மல்லிகா ஒண்ணைப் பிடுங்கித் தின்னுட்டா.

ஹட்டன்ல இருந்து கினிகத்தேனைக்கு ஒரு மணி நேரம், 120 ரூபா. டவுன்ல வெத்திலை ஒரு கட்டு வாங்கிக்குங்க. வைத்தியருக்குப் பீஸ் கிடையாது, வெத்திலைக்குள்ள முடிஞ்சதை வச்சு ரெண்டு கையாலயும் குடுக்கணும். நான் 500 வச்சேன். அங்கிருந்து த்ரீவீல்ல ரெண்டு கிலோமீட்டர், 200 ரூபா. பத்தரைக்குப் போயும் எனக்குப் பதினேழாம் நம்பர்தான்.

வைத்தியர் நாடியைப் பிடிச்சுக்கிட்டு, தெரிஞ்ச தமிழ்ல கேட்டார். "பசி வந்து சாப்பிடுறதா, மணி பாத்து சாப்பிடுறதா?"

ரெண்டும் இல்லைன்னு சொன்னேன்.

அவர் சொன்னது இதுதான்: பசிச்சாத்தான் சாப்பிடணும். பகல் சாப்பாடுதான் பெருசு, அதுவும் சூடா. ராத்திரிக்குக் கொஞ்சம், இருட்டுறதுக்கு முன்னாடி. சாப்பிடுறதுக்கு முன்னால ஒரு துண்டு இஞ்சி, உப்புத் தொட்டு. சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்கக்கூடாது. ஆறினதை, மிச்சத்தைத் தொடக்கூடாது.

எனக்குத் தலை சுத்துச்சு. பகல்ல நாங்க தேயிலை மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு நிக்கிறோம். காலையில சுட்ட ரொட்டி, அதுவும் ஆறினது. சூட்டுக்கு எங்க போறது?

"ராத்திரி மிச்சம் வருதா?"ன்னு கேட்டார்.

வருதுன்னேன்.

"யார் சாப்பிடுறது?"

மல்லிகா பக்கத்துல இருந்தா. பொய் சொல்ல வாய் வரல. கருமாதி முடிஞ்சும் நான் தினமும் அவர் படத்துக்கு முன்னால ஒரு தட்டுச் சோறு வைக்கிறேன். என் சோத்தைச் சாப்பிட்டு முடிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு அதையும் எடுத்துச் சாப்பிடுவேன். அவருக்கு வச்சதை நாய்க்குப் போட மனசு வரல. ஏழு மாசமா ரெண்டு பேர் சோறு, ஒரு வயிறு.

மல்லிகாதான், "சோறா? அண்ணன் ராத்திரியில சோத்தைத் தொடவே மாட்டாரே, ரொட்டிதானே!"ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. சிரிச்ச மூஞ்சியோடயே அழுதா. நானும் ரெண்டும் செஞ்சேன். படையல்னா சோறுன்னு வச்சுட்டேன், அவரை நினைக்கல.

கொத்தமல்லி, சுக்கு, சீரகம் சேர்த்த பொட்டலம் 600 ரூபா. பகல் பன்னிரண்டரைக்குக் கடையில சூடாச் சோறு சாப்பிட்டோம். அஞ்சரைக்கு வீடு.

ஆறு மணிக்கு எனக்கு அரைச் சுண்டு அரிசி போட்டேன். கை இன்னொரு அரைச் சுண்டுக்குப் போயி நின்னுச்சு. அவருக்கு ஒரு ரொட்டி சுட்டு வச்சேன். மல்லிகா வந்து உட்கார்ந்தா. "ஆவி அடங்கினா போதும், அண்ணன் சாப்பிட்டாச்சு. எனக்குக் குடுங்க, எனக்கும் அவர் அண்ணன்தானே"ன்னு சூட்டோட எடுத்துத் தின்னா. இது சரியா, அவ்வளவு சீக்கிரமா எடுக்கலாமான்னு எனக்கு இன்னும் தெரியல. அவ தினமும் வர்றா.

மூணாம் நாள் காலையில எனக்குப் பசிச்சுது. ஏழு மாசத்துக்கு அப்புறம் பசி. சந்தோஷப்படணும்தானே? எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு, அவரை விட்டுட்டேனோன்னு. ஆனா சாப்பிட்டேன். கல்லு மாதிரி நிக்கல, செரிச்சுது.

போறவங்க முதல்ல ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போங்க. ஸ்கேன் ரிப்போர்ட்டுத் துண்டைக் கொண்டு போங்க. போகவர ஆளுக்கு 850 ரூபா பஸ்ஸுக்கு வேணும், த்ரீவீலுக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து 400. பகல் சாப்பாடு சூடா இருக்க ஒரு சுடுபோத்தல் வாங்கிட்டேன், கஞ்சி மத்தியானம் வரைக்கும் சுடுது. தனியாப் போகாதீங்க. அங்க போயி என்ன சாப்பிடுறீங்கன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திராதீங்க, யாருக்கு வைக்கிறீங்கன்னும் சொல்லிருங்க.