முதுகு காட்டாத நடிகர்

நம்ம ‘இடிக்குரலார்’ ஐந்தாம் வகுப்பைக்கூட ஒழுங்காகத் தாண்டாதவர். சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. நாடகக் கம்பெனியில் திரை இழுக்கச் சேர்ந்து, காவலாளி, மந்திரி என்று படிப்படியாக ஏறி ராஜாவாகவே ஆனவர். ஒரே நாடகத்தில் மாமனாராகவும் மருமகனாகவும் வந்து கைதட்டல் வாங்கிய ஆள் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம்!

அந்தக் கம்பெனியில் ஒரு கண்டிப்பு: செத்து விழுந்தாலும் ஜனங்களுக்கு முதுகு காட்டக் கூடாது. அது அவர் எலும்பிலேயே ஊறிவிட்டது. முதல் சினிமாவில் அதுவே வேட்டு வைத்தது.

கதாநாயகனின் அப்பா வேடம். மகன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். அப்பா ஒன்றும் பேசாமல் திரும்பி, ஜன்னலோரம் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். கேமரா ஓடியது. இவர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்துபோய், முகத்தைக் கேமராவுக்கே காட்டி நின்றார்.

“கட்! அண்ணே, முதுகைக் காட்டுங்கண்ணே!” என்றார் டைரக்டர்.

“காட்டிடறேன் தம்பி.”

மறுபடியும் நண்டு. “ஏண்ணே, ஜன்னல் என்ன உங்களைக் கடிச்சிடுமா?” என்றார் லைட்காரர். செட்டே சிரித்தது.

டைரக்டர் சிரிக்கவில்லை. “இன்னும் ஒரே தடவை. வரலைன்னா அதோ, அவர்தான் அப்பா.” அவர் கை காட்டிய மூலையில் இன்னொரு நடிகர் கழுத்தில் துண்டோடு மேக்கப்புக்கு உட்கார்ந்தே விட்டார்.

இடிக்குரலார் அந்தத் துண்டை வெறித்தார். நாடகக் கம்பெனியை உதறியாயிற்று. “இனிமே உன் புருஷன் சினிமாக்காரன்டி” என்று மனைவியிடம் மார்தட்டியும் ஆயிற்று. எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கம் செட் போட்ட தச்சர்களும் துணி தைக்கும் டெய்லரும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட, ஜனம் அங்கேயும் இருக்கிறதே!

கேமரா ஓடியது. விறுவிறுவென்று ஜன்னலுக்குப் போனார். ராஜாவாக நின்று கற்ற வித்தை அத்தனையையும் அந்த நாலு பேருக்காகக் கொட்டினார். உதடு துடித்தது, கண் நிறைந்தது. டெய்லர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கேமராவுக்குத் தெரிந்ததோ, அழுகையை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போகும் இரண்டு தோள்கள்!

டைரக்டருக்குக் ‘கட்’ சொல்லவே தோன்றவில்லை. பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டார். “முதுகே பேசுதுண்ணே! அடுத்த படத்துக்கும் நீங்கதான்!”

“அதிலயாவது மூஞ்சியக் காட்ட விடுவீங்களா தம்பி?”

விட்டார்கள். நீதிபதி, டாக்டர், கொள்ளைக்காரன் என்று அவர் போடாத வேஷமில்லை. ஆனால் அந்த முதல் படம் ஓடிய தியேட்டரில், ஜன்னல் காட்சியில் பக்கத்து சீட்டுப் பெண் விசும்ப, அவர் மனைவி அவளை உலுக்கிச் சொன்னாராம்:

“அழாதீங்கக்கா, அது எங்க வீட்டுக்காரர் முதுகு!”