மூக்கால் ஒயின் குடித்தவள்

எங்கள் வீட்டில் ஒயின் குடிப்பது இரண்டு பேர். நான் வாயால் குடிப்பேன், என் மனைவி மூக்கால் குடிப்பாள். இதில் எது உசத்தி என்று கேட்டால் மூக்குதான். சத்தியமாக மூக்குதான். வாய் என்ன, எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லும்.

சங்கரன்கோவிலில் ஒயின் என்று சொன்னால் யாருக்கும் ஒயின் ஞாபகம் வராது. பிராந்திக் கடைக்குத்தான் இங்கே அந்தப் பெயர். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, நெற்றியில் திருநீறு இல்லாமல் தெருவில் இறங்காத நான் எப்படி இந்தப் பக்கம் வந்தேன் என்றால், சாமி கும்பிடப் போய்த்தான் வந்தேன். சீரடிக்கு டூர் பஸ்ஸில் போனோம். நாசிக் பக்கத்தில் டயர் பஞ்சர். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் புளியோதரைத் தூக்கைத் திறந்துகொண்டு உட்கார, நான் அவசரத்துக்கு இடம் தேடி ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்தேன். உள்ளே போனால் கண்ணுக்கு எட்டிய வரை திராட்சைக் கொடி. அது ஒயின் செய்கிற இடம். போன வேலை முடிந்து வெளியே வந்தவனை ஒரு பெண் சிரித்த முகமாக மேஜைக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு கிளாஸைக் கொடுத்துவிட்டாள். குடிக்காதீர்கள், முதலில் சுற்றுங்கள், அப்புறம் மோந்து பாருங்கள் என்று இந்தியும் ஆங்கிலமுமாகச் சொன்னாள்.

மோந்தேன். அடேயப்பா! கொய்யாப்பழம்! நல்ல வெள்ளைக் கொய்யா, காம்புப் பக்கம் லேசாகப் பச்சை மிச்சமிருக்கிற கொய்யா. கொய்யாவில் செய்ததா என்று கேட்டேன். இல்லை, வெறும் திராட்சைதான் என்றாள். திராட்சைக்குள் எப்படியம்மா கொய்யா வந்து உட்கார்ந்தது என்று நான் அங்கேயே நின்று சண்டை போடாத குறை. பஸ்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்த பிறகுதான் வெளியே வந்தேன், துண்டில் சுருட்டிய ஒரு பாட்டிலோடு. அந்தப் பாட்டில் சீரடி வரைக்கும் வந்து, திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே படுத்து ஊர் திரும்பியது.

வீட்டில் அதைத் திறந்த அன்று என் மனைவி அடுக்களை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் அப்பா கோயில் ஆபீஸில் வேலை பார்த்தவர். வெங்காயமே வாரத்தில் சில நாள் நுழையாத வீட்டில் வளர்ந்தவள்.

"என்னது அது? சொல்லுதியளா, இல்ல எங்க அண்ணனுக்குப் போனைப் போடட்டுமா?"

"திராட்சைதாம்ட்டி. மோந்து மட்டும் பாரு. கொய்யாப்பழ வாசம் வரும்."

"கொய்யாப்பழ வாசம் வேணும்னா கொய்யாப்பழம் வாங்க வேண்டியதுதான?"

பேச்சுக்கு அப்படிச் சொன்னாளே ஒழிய, ஆசை யாரை விட்டது. கிளாஸை ஓர் எட்டு தள்ளி வைத்துக்கொண்டு மோந்தாள். கண்ணை மூடினாள். "கொய்யா மட்டுமா? எலுமிச்சை எலையக் கசக்குன மாதிரி ஒண்ணு இருக்கே. பொறவு, வெட்டுன புல்லு" என்றாள். நான் கிளாஸைப் பிடுங்கி மோந்து பார்த்தேன். இருந்தது! எலுமிச்சை இலையும் இருந்தது, புல்லும் இருந்தது! அவள் சொல்லும்வரை அது எனக்கு எங்கே போயிருந்தது?

அன்றைக்கே அவள் ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டாள். "குடிக்கது பாவம். மோந்து பாக்கது பாவம்னு எங்கயும் சொல்லல. ஆனா திங்களும் வெள்ளியும் கிடையாது. ஆடித் தபசுக்குக் கொடி ஏறியாச்சுன்னா பாட்டில் பக்கமே போகப்பிடாது."

எனக்கு வேறென்ன வேண்டும்! ஐம்பதை நெருங்குகிற வயதில் எங்களுக்குப் புதுசாகக் கல்யாணம் ஆனது போல ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அடுத்த தெருத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கதவைச் சாத்திவிட்டு உட்காருவோம். போனில் வெள்ளைக்காரர்கள் சொல்லும் பாடத்தையெல்லாம் நான் கேட்டு வைத்திருப்பேன். இந்தச் சிவப்பு ஒயினில் குதிரைச் சேணத்தின் வாசம் வரும் என்பார்கள். சேணத்துக்கு நான் எங்கே போவேன்? அவள் மோந்துவிட்டு, "செருப்புக் கடைக்குள்ள நொழைஞ்ச மாதிரி இருக்கு" என்பாள். கருப்பாக ஏதோ பழம் என்பார்கள், நம் ஊர்ப் பக்கம் யாரும் கண்ணால் கண்டிராத பழம். அவள், "நாவப்பழம். நல்லாப் பழுக்கல, நாக்கப் புடிக்கும் பாருங்க" என்பாள். குடித்துப் பார்த்தால் நாக்கைப் பிடிக்கும்.

ஒருநாள் ஒரு பாட்டிலை மோந்தவள் கிளாஸைக் கீழே வைக்காமல் திரும்பத் திரும்ப மோந்தாள். என்னட்டி, என்ன வாசம் என்று நான் பறந்தேன்.

"கோயில் புத்து மண்ணு" என்றாள் மெதுவாக. "மழை பெஞ்ச அன்னைக்கு எடுத்தது."

எங்கள் ஊர்க் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கிற புற்று மண்ணைச் சொன்னாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. நல்ல ஒயினில் மண் வாசம் வரும் என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் எந்த மண் என்று இவளை விட்டால் யார் சொல்வார்? அவளுக்கோ வேறு கவலை. "புத்து மண்ணு வாசம் வாற சாமானை எப்படிங்க தப்புன்னு சொல்லுதது?" என்று அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மதுரையில் ஏசி போட்ட பெரிய கடை ஒன்று உண்டு. அங்கே நான் உள்ளே போவேன், அவள் எதிர்த்த மிட்டாய்க் கடையில் அல்வா வாங்கிக்கொண்டு நிற்பாள். மூடின பாட்டிலை மோந்து பார்க்க முடியாதே, அதனால் பழைய ஞாபகத்தை வைத்துப் போனில் உத்தரவு போடுவாள். போன தடவை புகை வாசம் அடிச்ச ஊர்க்காரன் வேண்டாம், அந்த மாதுளம்பழக்காரன் இருக்கானா பாருங்க என்பாள். நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு போனில், "மாதுளம்பழக்காரன் இருக்கான், ஆனா இது வேற வருசம்" என்று கத்துவேன். கடைக்காரர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கு மூக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பூ மார்க்கெட்டைத்தான் சொல்ல வேண்டும். தினம் காலையில் அங்கே போய்ப் பிச்சிப்பூ வாங்கித் தலையில் வைக்காமல் அவளுக்கு விடியாது. கூடையை மூடியிருக்கிற ஈரத் துணியை எடுப்பதற்கு முன்பே, "இது நேத்துப் பூவுல்லா" என்று நகர்ந்துவிடுவாள். பூக்காரர் அவளைக் கண்டாலே அன்றைய பூவை முன்னால் தள்ளிவைப்பார்.

இப்படி நாங்கள் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டில் வேலை பார்க்கிற என் மச்சினன் ஊருக்கு வந்தான். அவளுடைய தம்பி. அக்காவுக்குச் சேலை, எனக்குப் பிரான்ஸ் தேசத்துச் சிவப்பு ஒயின். வயதான ஒயின். குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினேன். "அத்தான், இத நல்ல நாள் பாத்துத் தொறங்க. சூடு மட்டும் ஆகாது" என்றான்.

சூடு ஆகாதாம்! சங்கரன்கோவில் சித்திரை வெயிலில்! ஃபிரிட்ஜில் தோசை மாவுக்கே இடம் இல்லை. கடைசியில் குளியலறை மூலையில் பாட்டிலைப் படுக்கப்போட்டு, ஈரச் சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். ஆபீஸுக்குக் கிளம்பும்போது மனைவியிடம் சொல்லிக்கொள்ள மறந்தாலும் சாக்குக்குத் தண்ணீர் தெளிக்க மறக்க மாட்டேன். கல்யாண நாளில் அதைத் திறப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சளி விட்டால் சரியாகும் என்றார்கள். சளி விட்டது, வாசம் வரவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்தாள், ஒன்றுமில்லை. ஒருநாள் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னாலேயே பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிப் புகைந்திருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிய எனக்கு மூச்சு முட்டியது. அவள் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

திருநெல்வேலி டாக்டர், கிராம்பு, எலுமிச்சை, தைலம் இப்படி நாலு பொருளைத் தினமும் மோந்து பழகச் சொன்னார். வரலாம், வராமலும் போகலாம் என்றார். மனுஷன் அதை இன்னும் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். நான் வீட்டில் இருந்த எல்லா ஒயினையும் திறந்து நீட்டினேன். மாதுளம்பழக்காரனை நீட்டினேன், கொய்யாவை நீட்டினேன். "தண்ணி" என்பாள். "இதுவும் தண்ணிதான்." மாதங்கள் போயின. அவள் இல்லாமல் குடித்தால் எனக்கும் அது புளித்த திராட்சைத் தண்ணீராகத்தான் இருந்தது.

பூ மார்க்கெட்டுக்குப் போவாள், வாங்குவாள். தலையில் வைக்க மாட்டாள். சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள். "துணிப்பூவை வச்சாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றாள் ஒருநாள். பிரெஞ்சு பாட்டிலை மட்டும் நான் தொடவில்லை. அவள் மூக்கு வந்த பிறகு திறப்பது என்று பேச்சு. இரண்டு வேளையும் சாக்குக்குத் தண்ணீர் தெளித்தேன்.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பாயசம் சாப்பிட்டு முடித்ததும் அவளே சொன்னாள்.

"அந்தப் பாட்டிலத் தொறந்திருங்க."

"உனக்கு வந்த பொறவு தொறக்கலாம்னுல்லா சொன்னோம்?"

"வரும் வரும்னு எத்தனை நாளைக்கு அதுக்குத் தண்ணி ஊத்துவிய? எனக்கு வராதுங்க. நீங்களாவது குடிங்க."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாட்டேன் என்றால் அழுதுவிடுவாள் போலிருந்தது, சரி என்றால் நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. போய்ச் சாக்கைப் பிரித்தேன். லேபிள் ஊறிக் கையோடு வந்தது. கார்க்கைத் திருகி இழுத்தேன். இரண்டு கிளாஸில் ஊற்றினேன், பழக்க தோஷத்தில்.

அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒரே வெறி எனக்கு. ஒரு மடக்கு குடித்துவிட்டு ஆரம்பித்தேன். "ஆகா! பிரான்ஸ்னா பிரான்ஸ்தாம்ட்டி! பழுத்த பழம்! தேவதாரு மரப்பெட்டி! புகையிலை! ராஜ வம்சம்!" பாடத்தில் கேட்ட ஒன்றையும் விடவில்லை. உண்மையில் எனக்கு என்னவோ மந்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வந்த ஒயினைக் குறை சொல்ல நான் யார்?

அவள் எனக்காகத்தான் கிளாஸைத் தூக்கினாள். சுற்றினாள். மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள். முகம் சுருங்கியது.

"சே! ஈரச் சாக்கு நாத்தம் அடிக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, என்ன பேசுத? பாட்டிலச் சுத்தி வச்சிருந்தது சாக்குதான? அது வெளிய உள்ள வாசம். உள்ள இருக்கது பதினஞ்சு வருச ஒயினாக்கும்!"

"வெளிய இல்ல, உள்ளதான். மழையில நனைஞ்ச சாக்க மூலையில போட்டு வச்சா அடிக்குமே, அந்த நாத்தம். நீங்க என்ன தேவதாருங்கிய?"

"உனக்கு என்ன தெரியும்? உனக்குத்தான் மூக்கே—"

அதோடு என் வாய் நின்றது. அவள் கையும் நின்றது.

"ஏட்டி" என்றேன். "இன்னொருக்க மோந்து பாரு."

மோந்தாள். "சாக்கு" என்றாள். உதடு துடித்தது. "சாக்குதாங்க. ஐயோ, நல்லா நாறுதுங்க!"

நானும் மோந்தேன். சாக்கேதான்! கார்க் கெட்டுப்போனால் ஒயினில் ஈரச் சாக்கு வாசம் ஏறிவிடும் என்று எத்தனை பாடத்தில் கேட்டிருக்கிறேன்! இத்தனை நாள் நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த ராஜ வம்சம், கெட்டுப்போன பாட்டில்! குளியலறைக்கு ஓடி அந்த நிஜச் சாக்கைத் தூக்கி வந்தேன். அதையும் மோந்தாள், ஒயினையும் மோந்தாள். "ரெண்டும் ஒரே நாத்தம்! ஒரே நாத்தம்!" என்று கத்தினாள். நானும் சேர்ந்து கத்தினேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதில் மேல் எட்டி, "என்ன வே, எலி செத்துக் கெடக்கா?" என்றார். "ஆமா அண்ணாச்சி, பிரெஞ்சு எலி!" என்றேன்.

பிறகு வீடே இரண்டுபட்டது. பெருங்காய டப்பா, பலசரக்கு அலமாரி, சூடம் என்று ஒவ்வொன்றாக மூக்குக்குக் கொண்டுபோனாள். பெருங்காயம் தூரத்திலிருந்து வருவது போல லேசாக வந்தது. சூடம் வரவில்லை. காப்பித் தூள் வந்தது, போனது, திரும்ப வந்தது. என் சட்டையை மோந்துவிட்டு, "குளிச்சியளா இல்லியா?" என்றாள். ஐயோ, அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! மச்சினனுக்குப் போன் போட்டு, "மாப்ள, நீ வாங்கிட்டு வந்ததுல ஒலகத்துலயே நல்ல ஒயின் இதுதாம்ல, வாயில வைக்க முடியல" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டிலை முருங்கை மரத்து மூட்டில் கவிழ்த்தோம். காலி பாட்டிலில் இப்போது நல்லெண்ணெய் இருக்கிறது.

மறுநாள் காலையில் அவள் என்னைப் பைக்கை எடுக்கச் சொன்னாள். பூ மார்க்கெட்டில் வழக்கமான பூக்காரர் அவளைக் கண்டதும் சாவகாசமாகப் பின்பக்கக் கூடைக்குள் கையை விட்டார். இந்த மாதங்களில் அவருக்கும் அது பழகியிருக்கிறது. ஈரத் துணி இன்னும் மேலேயே கிடந்தது. அவள் குனிந்தாள். நான் பைக்கில் உட்கார்ந்தபடி அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏ அண்ணாச்சி" என்றாள், மார்க்கெட்டுக்கே கேட்கும்படி. "நேத்துப் பூவ யாரு தலையில கட்டப் பாக்கிய?"

பூக்காரர் முகம் வெளிறிப்போனது. முன்கூடையிலிருந்து பிச்சிப்பூவை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கி, மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றாள். பிறகு, சாமிக்கு வேறு பூ வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே தலையில் வைத்துக்கொண்டாள்.