இரண்டு புள்ளிகளுக்கு நடுவே

மணி அடித்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்; அண்ணியை மட்டும் காணவில்லை. ரெட்டியார்பாளையத்தில், தேர்வு நடந்த பள்ளியின் இரும்புக் கதவருகே நானும் அண்ணனும் நின்றிருந்தோம். அண்ணன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "இதுவும் போச்சுன்னா இதோட வுட்டுடணும்" என்று மனைவியிடம் காலையில் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தான்.

அண்ணி வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தவறிய பிறகு, சாரத்தில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குப் பத்தாவது தேறியாக வேண்டும். தனித்தேர்வராக விண்ணப்பித்தபோது அம்மா தடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் அப்போது கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணயரும் பிற்பகல்களில், அடுப்படியில் உட்கார்ந்து இருவரும் தாழ்ந்த குரலில் கணக்குப் போடுவோம்.

சார்பு என்றால் ஒரு x-க்கு ஒரே ஒரு y என்று மனப்பாடமாகச் சொல்வாள், பொருள் பிடிபடாது. ஒருநாள் மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு வந்தவள் கேட்டாள்: "ஏன் பாப்பா, ஒரே நேரத்துல தொட்டியில தண்ணி ரெண்டு மட்டத்துல நிக்குமா?"

"நிக்காது அண்ணி."

"ஆனா ரொம்பும்போது ஒருவாட்டி, எறங்கும்போது ஒருவாட்டி அதே மட்டத்துக்கு வருமில்ல?"

வரும் என்றேன். அதன் பிறகு, எந்தப் படம் சார்பு, எது இல்லை என்று அவளே செங்குத்துக்கோடு போட்டு, அது படத்தை ஒரே இடத்தில்தான் வெட்டுகிறதா என்று பார்த்துப் பிரித்துவிட்டாள்.

வரைபடம்தான் படுத்தியது. புள்ளிகளைச் சரியாகக் குறித்துவிட்டு, ஸ்கேல் வைத்து நேர்கோடுகளால் இணைப்பாள். வளைவாக வரையச் சொன்னால், "நடுவுல வளையுதுன்னு நீ எங்க பாத்த?" என்பாள். கடைசியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள ஓர் எண்ணைச் சமன்பாட்டில் போட்டுக் காட்டினேன். புதுப்புள்ளி நேர்கோட்டுக்குக் கீழே விழுந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வன்று பள்ளிக் கதவைத் தாண்டி, எல்லோருக்கும் கடைசியாக அண்ணி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கேட்கும் முன்பே என்னிடம் கொட்டினாள்: "x ஸ்கொயர் மைனஸ் x மைனஸ் ஆறு. சைபருக்கும் மைனஸ் ஆறு வருது, ஒண்ணுக்கும் மைனஸ் ஆறு வருது. படுக்கையா கோடு இழுத்துட்டேன். அப்புறம் மனசு கேக்கல, அரைக்குப் போட்டுப் பாத்தேன். இன்னும் கீழ போவுது பாப்பா! அழிச்சு அழிச்சு தாளே கிழிஞ்சிடுச்சு. வேற தாள் வாங்கி முழுசா போட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "அதுலயே நேரம் போயிடுச்சு. ரெண்டு கணக்கை எழுதவே இல்ல."

அண்ணன் வண்டியைக் கிளப்பினான்.

முடிவு வரும்வரை வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணி சமைத்தாள், துவைத்தாள், யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முடிவு வந்த காலையில் கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். மயிரிழையில் தேறியிருந்தாள். நான் சத்தமாகச் சொன்னேன். அண்ணன் கைபேசியை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தான். பிறகு, "அந்த லேப் படிப்புக்கு எங்க போயி எழுதிக் குடுக்கணும்?" என்றான்.

அண்ணி இப்போது ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்குச் சர்க்கரை. ரத்தம் எடுக்க வேறு யார் வந்தாலும் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொள்கிறாள். "என் மருமவ வரட்டும்."