பனிமூட்டத்தில் சொன்ன பெயர்

என் வலது கால் நொறுங்கிய விமானத்தின் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் விமானி நெற்றியில் ரத்தம் வழிய முனகிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பனிமூட்டம், கையை நீட்டினால் கை தெரியவில்லை. அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இந்தச் செபக்கூட்டத்தில் உங்கள் முன் நிற்கிறேன். என் பெருமையைச் சொல்ல அல்ல. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி, ஒரு மார்கழி மாதம். இலங்கை விமானப் படையில் நான் மெக்கானிக். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குச் சிறகு வைத்த பழைய விமானம் எங்களுடையது. அதில் பறந்து கடல் எல்லையைக் காவல் காப்போம். இந்தியாவிலிருந்து களவாக வரும் தோணிகளைத் தேடுவோம். 'கள்ளத்தோணி' என்று முகாமில் சிங்களவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழர்கள் எல்லோரையும் இழிவாகச் சொல்லும் பெயரும் அதுதான். டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் அம்மாவையும் சேர்த்துத்தான் அந்தப் பேச்சு என்று எனக்குத் தெரியும். நானும் கூடச் சிரிப்பேன்.

என் பெயர் அந்தோனி. முகாமில் 'அன்டனி' என்று சொல்லிக்கொண்டேன்; நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கன் என்று நினைத்துக்கொண்டார்கள். அலுவலகக் காகிதத்தில் உண்மை இருந்தது, என் வாயில் இல்லை. இரண்டு வருடம் வீட்டுக்குப் போகவில்லை. அம்மா யாரிடமாவது சொல்லி எழுதி அனுப்பும் கடிதங்களைக் கக்கூசில் வைத்துப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவேன். அத்தனை பேர் நடுவில் சாப்பிட்டேன், தூங்கினேன். ஒருவரோடும் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. செபம்கூட உதட்டுக்குள்தான். அந்தத் தனிமையை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அன்று மேற்குக் கரையில் ரோந்து முடித்துத் தென்கிழக்குக் கரைக்குப் போக மலைநாட்டைத் தாண்டினோம். மஸ்கெலியாப் பக்கம் பனி மூடிவிட்டது. எஞ்சின் விக்கியது. தேயிலை மலையில் போய் விழுந்தோம். காலை பத்து மணி இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் கீழே பெண்களின் பேச்சுக் கேட்டது. கொழுந்தெடுப்பவர்கள். நாங்கள் விழுந்த சத்தத்தை மண்சரிவு என்று நினைத்தார்களாம். நான் பழக்கதோஷத்தில் சிங்களத்தில் கத்தினேன். பேச்சு நின்றது. மறுபடி கத்தினேன். காலடிகள் விலகிப் போயின.

ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவன்தானே. பனிக்குள்ளிருந்து ஆள் தெரியாமல் குரல் வந்தால் முனி கூப்பிடுகிறது என்று பயந்து யாரும் பதில் கொடுக்க மாட்டார்கள். கூப்பிடுகிறவன் தன் பெயரை, தோட்டத்தை, பெற்றவள் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் வருவார்கள். ஆனால் சிங்களவரான விமானி விழித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் அவர் காதில் விழும்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதர் சாகக் கிடக்கிறார், நான் என் மானத்தை யோசித்துக்கொண்டு கிடந்தேன். காலடிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அவரது முனகலும் குறைந்துகொண்டே வந்தது.

"ஆண்டவரே, எனக்கு வாயைத் தாரும்" என்று கேட்டேன். சத்தமாக, தமிழில். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது. அதன் பிறகு நிறுத்தவில்லை.

"நான் அந்தோனி. டிக்கோயாத் தோட்டத்து மேட்டு லயம். ரோசம்மா மவன். விமானம் விழுந்திருச்சு, இங்க ஒருத்தர் சாகப் போறாருங்க."

காலடிகள் நின்றன. பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"ரோசம்மா யாருன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. ஆனா முனி பெத்தவ பேரச் சொல்லாது. அசையாம இருங்க, வாறோம்."

நான் தேம்பித் தேம்பி அழுதேன். வந்த பெண்கள் இந்துக்கள். ஆண்டவர் எனக்கு அவர்களைத்தான் அனுப்பினார். கம்பிகளை வளைத்து என் காலை விடுவித்தார்கள். போர்த்தியிருந்த கம்பளிகளை அவிழ்த்து, கழிகளில் கட்டி, எங்களைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் விமானிக்குப் பக்கத்துக் கட்டில் எனக்கு. மூன்றாம் நாள் அவர் சிங்களத்தில் கேட்டார்: "உன் அம்மா பெயர் ரோசம்மாவா?"

"ஆமாம், சேர்."

"நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தப் பெயர்தான் என்று என் அம்மாவிடம் சொல்லுவேன்."

அவரை அப்புறம் நான் பார்க்கவில்லை. கட்டை ஊன்றி முகாமுக்குத் திரும்பினேன். நான் தோட்டத்துத் தமிழன் என்ற செய்தி எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. வலித்தது. ஆனால் முன்பு என்னோடு நானே இல்லை. இப்போது நானாவது இருந்தேன். கொஞ்ச நாளில் வேலையை விட்டு வீட்டுக்குப் போனேன்.

கிழித்த கடிதங்கள் உட்பட எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்துல எம் பேரையா சொன்ன?"

"ஆமாம்மா."

"சத்தமாவா?"

"மலையே கேக்குற மாதிரி சொன்னேம்மா."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இங்கே யாராவது ஒருவர், கூட்டத்துக்கு நடுவில் தனியாக, தன் பெயரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உங்களிடம்தான் சொல்கிறேன். ஆண்டவரை நம்பிக் கூப்பிடுங்கள். நீங்கள் யாரென்று சத்தமாகச் சொல்லுங்கள். வருவார்கள்.