மூன்று திறப்பு விழா கண்ட மோட்டார்

கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டுகிறவரை அந்தத் தெருவே மோட்டார்காரர் என்றுதான் கூப்பிடும். பேட்டையின் சாக்கடையெல்லாம் இறக்கத்தில் ஓடிவந்து அங்கே ஒரு கிணற்றில் விழும். மோட்டார் அதை இழுத்துச் சுத்திகரிப்புக்கு அனுப்பும். மோட்டார் நின்றால் முதலில் யார் வீட்டுக் குளியலறை பொங்கும் என்கிறீர்கள்? அடுத்த சுவரில் இருக்கும் அவருடைய குவார்ட்டர்ஸ்தான். வேலையையும் வீட்டையும் இவ்வளவு பொருத்தமாகச் சேர்த்துவைத்த புண்ணியவான் யாரோ!

திறப்பு விழா நடத்திப் பொருத்திய மோட்டார் முதல் தடவை புகைந்தபோது பொறியாளரிடம் ஓடினார். உள்ளே கருகிய கம்பிச்சுருளுக்குப் புதுக் காயில் கட்ட வேண்டும், பேரிங் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பொறியாளர் கையை விரித்தார். பராமரிப்புக்கு ஒதுக்கிய பணம் கரண்ட் பில்லுக்கே பற்றவில்லையாம். புதுத் திட்டம் என்றால் அரசாங்கமும் கொடுக்கும், கடன் தருகிற வங்கியும் கொடுக்கும். ரிப்பேருக்கு யார் கொடுப்பார்கள்? பேரிங் மாற்றியதற்கு ரிப்பன் வெட்ட எந்தத் தலைவர் வருவார்?

"புதுசுன்னா பணம் இருக்குய்யா. பழசுன்னா இல்ல," என்றார் பொறியாளர், ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே.

மோட்டார்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய மோட்டாருக்கே காயில் கட்டி, நீலப் பெயிண்ட் அடித்து, புது மோட்டார் என்று பலகை மாட்டித் திறந்துவைத்தார்கள். மிச்சப் பணம் எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. மோட்டார் ஓடியது, அவருக்கு அது போதும். சில வருஷம் கழித்து அது மறுபடி படுத்தது. இந்தத் தடவை பச்சைப் பெயிண்ட். துருவைச் சுரண்டி, ஒவ்வொரு போல்ட்டாகத் தேய்த்துத் தேய்த்து, விழாவுக்கு வந்தவர்களை மூக்கின்மேல் விரல் வைக்கச் செய்தார். திருட்டு வேலைதான், ஆனாலும் மனுஷனுக்கு அதில் ஒரு பெருமையே வந்துவிட்டது.

"பெத்த பொண்ணுக்குக்கூட நீங்க இப்படி அலங்காரம் பண்ணினதில்ல," என்று மனைவி குத்திக்காட்டுவாள்.

அந்தப் பெண் இப்போது பிரசவமாகி, பச்சைக் குழந்தையோடு வந்திருந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து மோட்டார் முனக ஆரம்பித்தது. குழந்தை இருக்கிற வீட்டில் சாக்கடை ஏறினால் என்ன ஆகும்?

அப்போது பார்த்து வங்கிக்கு ஞானோதயம் பிறந்தது. கட்டக் கட்டப் பணம் கொடுக்கிறோம், காப்பாற்றச் சல்லிக்காசு கொடுப்பதில்லையே என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். பத்து வருஷம் தாண்டிய மோட்டார்களைப் பழுதுபார்க்கவென்றே பணம் ஒதுக்கி, நேரில் பார்த்துவர ஓர் அதிகாரி அம்மாவையும் அனுப்பிவிட்டார்கள். மோட்டார்காரரின் மோட்டாருக்கு இருபது வருஷம் தாண்டியிருந்தது. காகிதத்திலும் பெயிண்டிலும் அது நேற்றுப் பிறந்த குழந்தை.

அதிகாரி அம்மா குனிந்து பார்த்தார். பச்சை பளபளத்தது.

"எவ்வளவு நல்லா வச்சிருக்கீங்க! இதுக்கு ஏதாவது செய்யணுமா?"

அவருக்குப் பின்னால் பொறியாளர் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் கம்பி எண்ண வேண்டியதுதான். அந்தப் பயம் ஒருபக்கம். மறைப்பானேன், இத்தனை வருஷத்தில் ஒருத்தர் அவர் முகத்துக்கு நேரே வாயார மெச்சியது இதுதான் முதல்முறை.

"ஒண்ணும் வேணாம்மா. புது மோட்டார்," என்றார்.

பணம் பக்கத்துப் பேட்டை நிலையத்துக்குப் போனது. அந்த வாரமே மோட்டார் நின்றது. குளியலறைத் துவாரம் குமிழிவிட்டு, கூடம் வரைக்கும் கறுப்புத் தண்ணீர் வந்தது. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்றாள். பொறியாளருக்குப் போன் போட்டால், அடுத்த வருஷத் திட்டத்தில் பார்க்கலாம் என்று நிதானமாகச் சொன்னார்.

"அந்தம்மா வாயத் திறந்து கேட்டாங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மனைவி அழுதாள். அவர் வாளியை எடுத்துத் தண்ணீரை வாரி வெளியே கொட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை மருமகன் வாடகைக் கார் கொண்டுவந்தார். குழந்தையோடு மகள் ஏறினாள். துணிப்பையோடு மனைவியும் ஏறினாள்.

"நீங்களும் வந்துடுங்கப்பா. இங்க எப்படி இருப்பீங்க?"

கணுக்கால் அளவுத் தண்ணீரில் வாளியோடு நின்றிருந்த மோட்டார்காரர் மெய்யாகவே திடுக்கிட்டுப் போனார்.

"நான் வந்துட்டா மோட்டார யாரும்மா பாத்துப்பாங்க?"

மனைவி அவரைப் பார்க்காமலே கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.