எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகம்

இயற்பியல் புத்தகத்தில் ஓடுகிற கார்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் போய் நிற்கும். நடுவில் ஸ்பீட் பிரேக்கர் கிடையாது, சிக்னல் கிடையாது, குறுக்கே மாடு வராது. ‘சீரான வேகத்தில் செல்கிறது’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் ஊரே வழிவிட்டுவிடும். யாராவது ஏறவோ இறங்கவோ வேண்டும் என்ற கவலையே அந்தக் கார்களுக்கு இல்லை.

இருந்தாலும் அந்தக் கணக்குகள் எனக்குப் பிடிக்கும். நான் முதல் பியுசியோடு, அதாவது பதினோராம் வகுப்போடு, படிப்பை விட்டவள். என் மகள் இப்போது அதே வகுப்பில் இருக்கிறாள். மாலையில் நீலசந்திராவில் இருக்கிற எங்கள் வீட்டில் அவள் கணக்குப் போடுவாள், நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே வாயால் விடை சொல்வேன். ஒருநாள் இப்படி ஒரு கணக்கு: போகும்போது நாற்பது, திரும்பும்போது அறுபது, சராசரி வேகம் என்ன? ஐம்பது என்றேன். நாற்பத்தெட்டு என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கீரையைத் தள்ளி வைத்துவிட்டு நானே போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. மெதுவாகப் போகிற வழியில் நேரம் அதிகம் கழிகிறது, அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

“நேரம் எங்க ஸ்டார்ட் ஆவுது, எங்க முடியுதுன்னு ஃபர்ஸ்ட் பாரும்மா. அப்புறம் வகுத்துக்கோ” என்றாள். அதட்டுவதில் அவள் என்னைப் போல.

என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அதே வேனில் நான் ஆயா. பிள்ளைகளை ஏற்றுவது, உட்கார வைப்பது, தலை எண்ணுவது, ஸ்கூலில் இறக்கிவிடுவது என் வேலை. பதினோரு வருஷமாக இருவரும் சேர்ந்துதான் போகிறோம். காலையில் தூங்கி விழுகிற பிள்ளைகளின் தலை கண்ணாடியில் இடிக்கக் கூடாது என்பதற்காக, ஸ்பீட் பிரேக்கர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வண்டியை அடக்கிவிடுகிற மனிதர் அவர். போதாததற்கு, நாற்பதுக்கு மேல் ஓடாதபடி வேனில் ஒரு கருவியும் மாட்டியிருக்கிறார்கள்.

போன வருஷம் ஸ்கூலில் ஓர் ஆப் கொண்டுவந்தார்கள். என் போனில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இரண்டு பட்டன்கள் இருக்கும். ‘புறப்பட்டது’ ஒன்று, ‘வந்தது’ இன்னொன்று. நான் அமுக்கினால் மணியோடு சேர்த்து எல்லாப் பெற்றோருக்கும் மெசேஜ் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேன்களைப் பார்த்துக்கொள்கிற இன்சார்ஜ் போன் செய்தார். லிங்கராஜபுரம் பக்கத்து அபார்ட்மெண்டிலிருந்து ஒரு பிள்ளையின் அப்பா புகார் கொடுத்திருக்கிறாராம். அவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்ஜினியர். அவர்கள் கேட்டிலிருந்து வேன் புறப்பட்டது ஏழு நாற்பத்தொன்று, அடுத்த ஸ்டாப்பான சர்ச்சுக்கு வந்தது ஏழு நாற்பத்திரண்டு. இடையில் ஆயிரத்து இருநூறு மீட்டர். அதை அறுபது விநாடியால் வகுத்து, கிலோமீட்டருக்கு மாற்றி, மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர் என்று பெற்றோர் குரூப்பில் போட்டிருக்கிறார். கணக்கின் ஒவ்வொரு படியையும் எழுதி, விடைக்கு அடியில் கோடும் கிழித்து.

“திங்கக்கெழமை வேற டிரைவர் வண்டி எடுப்பாரு. உங்க வீட்டுக்காரர ஆஃபீஸுக்கு வரச் சொல்லுங்கம்மா” என்றார் இன்சார்ஜ்.

“அந்த வண்டி நாப்பதத் தாண்டாதே சார். நீங்கதானே கருவி மாட்டினீங்க?”

“அத கழட்டி வெச்சிருப்பாங்கன்னு அவரு சொல்றாரும்மா.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத மனிதர் அந்த இன்ஜினியர். பார்த்திருந்தால் கருவியின் மேல் ஸ்கூல் வைத்த சீல் அப்படியே இருப்பது தெரிந்திருக்கும். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். வேகமாக ஓட்டினார் என்று பெயர் விழுந்துவிட்டால் இந்த ஊரில் எந்த ஸ்கூலும் அவரைச் சேர்க்காது. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை மகளின் நோட்டை வாங்கி உட்கார்ந்தேன். அந்த ஆள் போட்ட கணக்கை அப்படியே எழுதினேன். வகுத்ததில் பிழை இல்லை. விநாடிக்கு இருபது மீட்டர். மணிக்கு மாற்ற அதைப் பதினெட்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் எழுபத்திரண்டுதான் வருகிறது. இரண்டு தடவை போட்டேன், அப்போதும் எழுபத்திரண்டு. அழுகை வந்துவிட்டது. மகள் எதிரில் உட்கார்ந்து, நேரம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று கேட்டாள்.

“நான் பட்டன் அமுக்கறதுலேர்ந்து” என்றேன்.

“நீ எப்ப அமுக்குவ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அபார்ட்மெண்டில் ஒரு விதி உண்டு. கேட்டுக்கு முன்னால் வேன் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் செக்யூரிட்டி வந்து பானட்டைத் தட்டுவான். ஆறு பிள்ளைகள் ஏற வேண்டும். ஆறாவதாக லிஃப்டிலிருந்து ஓடிவருவது புகார் கொடுத்தவரின் பிள்ளை. அது உட்கார்ந்த கையோடு வண்டி நகர்ந்துவிடும். அதற்கப்புறம்தான் நான் பைகளை மேலே அடுக்கி, பெல்ட் போட்டுவிட்டு, தலைகளை எண்ணி முடிப்பேன். இரண்டு கையும் காலியாகிப் போனை எடுக்கும்போது ஜன்னலில் பேக்கரி தெரியும். தினமும் பேக்கரி தெரிந்த பிறகுதான் ‘புறப்பட்டது’ அமுக்குகிறேன். வருஷம் முழுக்க அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் ஸ்கூட்டரில் போய்த் தூரத்தை அளந்தோம். கேட்டிலிருந்து பேக்கரி வரை எண்ணூறு மீட்டர். பேக்கரியிலிருந்து சர்ச் ஸ்டாப்புக்கு நானூறு. புகார் கொடுத்தவர் சொல்கிற அந்த ஒரு நிமிஷத்தில் வேன் ஓடியது இந்த நானூறு மீட்டர்தான். மகள் ரோட்டோரத்திலேயே என் முதுகில் நோட்டை வைத்துப் போட்டாள். நானூறை அறுபதால் வகுத்துக் கிலோமீட்டருக்கு மாற்றினால் மணிக்கு இருபத்து நாலு. என் வீட்டுக்காரர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் ஆஃபீஸ் வாசலிலேயே நின்றுவிட்டார், நோட்டோடு நான்தான் உள்ளே போனேன். அந்த அப்பாவும் இருந்தார். நல்ல சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. எனக்கு நாற்காலி போடவில்லை.

“சிம்பிள் ஃபிஸிக்ஸ்ங்க இது. டிஸ்டன்ஸ் பை டைம். இதுல ஆர்க்யூ பண்ண என்ன இருக்கு?” என்றார்.

“சார், தூரத்த உங்க கேட்டுலேர்ந்து அளந்தீங்க. நேரத்த பேக்கரிலேர்ந்து எடுத்திருக்கீங்க. ரெண்டும் ஒரே எடத்துலேர்ந்து வந்தாதானே வகுக்க முடியும்?” என்று சொல்லி நோட்டை நீட்டினேன். “உங்க கணக்குப்படி பாத்தா மழை பேஞ்ச அன்னிக்கும் எழுபத்திரண்டு, ரோட்டத் தோண்டிப் போட்ட அன்னிக்கும் எழுபத்திரண்டு. பழைய மெசேஜ எடுத்துப் பாருங்க.”

அவர் போனை எடுத்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நானூறை அறுபதால் வகுத்தார், எங்கள் விடைக்குப் பக்கத்திலேயே. கணக்குத் தெரிந்தவர்தான், இரண்டு வரியில் முடித்துவிட்டார். அவர் முகம் சிவந்ததைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். நான் ஒரு பைத்தியக்காரி.

“அப்போ நீங்க ராங் டேட்டா குடுத்திருக்கீங்க. அத நம்பித்தானே நான் கால்குலேட் பண்ணினேன்?”

கேட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம்தான் என்கிற விதியைச் சொன்னேன். ஆறு பைகளைச் சொன்னேன். அந்த விதியைப் போட்ட அசோசியேஷனில் இவர்தான் செகரட்டரி என்பது இன்சார்ஜ் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அதையும் அவர் ஒரு தகவலாகத்தான் சொன்னார், என் பக்க நியாயத்தைப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. இனிமேல் வண்டி நகர்ந்ததும் பட்டனை அமுக்குவேன் என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். எழுதிக் கொடுத்தேன், தவறு என் விரலில் என்பது உண்மைதான். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டேன். டிரைவர் வேகமாக ஓட்டவில்லை என்று இவர் அந்தக் குரூப்பில் போட வேண்டாமா?

“மேட்டர் க்ளோஸ் ஆயிடுச்சு இல்ல, வுடுங்கம்மா. நாளைலேர்ந்து வண்டி எடுக்கச் சொல்லுங்க” என்றார் இன்சார்ஜ். அந்த அப்பா அதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் சர்ச் ஸ்டாப்பில் ஒரு பிள்ளையின் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரூப்பைக் காட்டினார். இங்கிலீஷில் இருந்தது. பிரச்சனை தீர்ந்தது, டிரைவருக்குத் தகுந்த அறிவுரை சொல்லப்பட்டுள்ளது என்று அந்த அப்பா போட்டிருந்தார். கீழே இருபதுக்கு மேல் கைகூப்பல்கள், இரண்டு பேர் நன்றி வேறு. வகுத்த கையாலேயே அதையும் எழுதியிருக்கிறார். தெரியாமல் செய்தார் என்று நினைத்துக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. இன்றைக்கும் அந்த கேட்டுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. நான் ஆறவும் போவதில்லை.

என் வீட்டுக்காரரிடம் நான் அதைச் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரத்திலிருந்து அவர் வண்டி ஓட்டுவதே வேறாகிவிட்டது. ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்தில் காலையில் ஈ காக்கை இல்லாத ஒரு நேர் ரோடு இருக்கிறது. அதில்கூட மீட்டர் முள் இருபதைத் தாண்டுவதில்லை. பின்னால் பைக்குகள் ஹாரன் அடிக்கின்றன, ஆட்டோக்காரன் தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போகிறான். ஒருநாள் பெல் அடிக்க நாலு நிமிஷம்தான் இருந்தது.

“ரோடு காலியாதானே கெடக்கு, முப்பதுல போங்களேன். நம்ம கணக்குதான் சரின்னு ஆயிடுச்சே” என்றேன்.

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்” என்றார்.